வாடகை வீட்டு அடுக்களைக்கு இதம் சேர்க்க ஐயாயிரம் ரூபாய்: எதில் முதலில் செலவிடுவது?

சென்னையில் வாடகைக்கு விடப்படும் அடுக்குமாடி வீடுகளின் சமையலறைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். ஒன்பதடிக்கு ஏழடி இடம், கறுப்புக் கிரானைட் மேடை, அதற்கு மேல் இரண்டடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கும் மேலே வெள்ளைச் சுவர், ஒரு பக்கம் கடப்பைக் கல் தட்டுகள், தலைக்கு மேலே பரண், சுவரில் ஒரு டியூப் லைட். குறை என்று விரல் நீட்டிச் சொல்ல எதுவும் இருக்காது. துடைக்க எளிது, தண்ணீர் வருகிறது, புகை தங்குவதில்லை. ஆனாலும் அடுப்பை அணைத்த மறுகணம் அங்கிருந்து வெளியேறிவிடத் தோன்றும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சமைப்பவரோடு யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அந்த அறை யாருக்கும் தருவதில்லை.

எங்கள் அடுக்களையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அதை மாற்ற ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிடுவதில்லை என்று முடிவு செய்தபோது, வீட்டில் ஆளுக்கொரு யோசனை வந்தது. சுவருக்கு வண்ணம் பூசலாம், டைல்ஸ் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாம், மரத்தட்டு வைக்கலாம், திரை தைக்கலாம், செடி வளர்க்கலாம், பரணில் கிடக்கும் பித்தளையை இறக்கலாம். எல்லாவற்றுக்கும் பணம் போதாது என்பதால் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். விலைகள் அனைத்தும் தோராயமானவை. கடைக்குக் கடை மாறும்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. குளிர் நாட்டார் சமையலறையைக் கதகதப்பாக்க வேண்டும் என்று பேசுவதில் நியாயம் இருக்கிறது. சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்கிறவரிடம் போய்க் கதகதப்பு வேண்டுமா என்று கேட்டால் கரண்டி பறக்கும். நமக்கு வேண்டியது சூடு அல்ல, இதம். ஆகவே காற்றை மறைக்கும் கனத்த திரை, அறையைச் சிறுத்துக் காட்டும் அடர்சிவப்புச் சுவர், சன்னலை அடைக்கும் அலங்காரம் ஆகியவை படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு ஆகாதவை.

எதை வாங்கலாம் என்று முடிவு செய்ய நான் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டேன். வீட்டைக் காலி செய்யும்போது அதை எடுத்துச் செல்ல முடியுமா, எண்ணெய்ப் பிசுக்கையும் தண்ணீரையும் அது தாங்குமா, மாலை ஆறு மணிக்கு மேல் அதனால் வித்தியாசம் தெரியுமா என்பவையே அவை. மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் அடுக்களையைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே. மற்ற நாட்களில் அந்த அறையின் நிறத்தைத் தீர்மானிப்பது சுவரோ டைல்ஸோ அல்ல, விளக்கு.

அதனால் விளக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பார்கள். எண் கூடக் கூட ஒளி நீலத்தை நோக்கியும், குறையக் குறைய மஞ்சளை நோக்கியும் நகரும். எண்ணெய் விளக்கின் சுடர் ஏறத்தாழ 2000 கெல்வின், பழைய குண்டு பல்பு ஏறத்தாழ 2700. கடையில் ‘வார்ம் ஒயிட்’ என்று விற்பது 2700 முதல் 3000 வரை, ‘நேச்சுரல் ஒயிட்’ 4000, ‘கூல் டே லைட்’ 6500. நாம் வேறொன்றும் சொல்லாமல் ஒரு டியூப் லைட் கேட்டால் கடைக்காரர் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் 6500தான். வெப்ப நாட்டில் வெள்ளை ஒளி குளிர்ச்சியாகத் தெரிகிறது என்பதாலும், டியூப் லைட் வந்த காலத்தில் அந்த வெண்மை வசதியின் அடையாளமாக இருந்ததாலும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. அந்த ஒளி வெள்ளை டைல்ஸிலும் கறுப்புக் கிரானைட்டிலும் பட்டுத் தெறிக்கும்போது அடுக்களை மருந்துக்கடையின் உள்ளறை போலாகிவிடுகிறது. சாம்பாரும் தக்காளித் தொக்கும் தங்கள் நிறத்தை இழந்து சற்றே வெளுத்துத் தெரிவதற்கும் அதுவே காரணம்.

‘மஞ்சள் விளக்கு மங்கலாக இருக்குமே’ என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உடனே எழுப்பிய எதிர்ப்பு. அது அனுபவத்தில் விளைந்த எதிர்ப்புதான். ஆனால் அந்த அனுபவம் குண்டு பல்பு காலத்தினுடையது. ஒளியின் அளவைச் சொல்லும் அலகு லூமென். 40 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 400 லூமென் ஒளியையும், 60 வாட் பல்பு 700 லூமென் ஒளியையும்தான் தந்தன. இன்றைய நான்கடி எல்.இ.டி. டியூப் 20 வாட்டில் ஏறத்தாழ 2000 லூமென் தருகிறது. அது 3000 கெல்வினாக இருந்தாலும் 6500 கெல்வினாக இருந்தாலும் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஒளியின் நிறம் வேறு, ஒளியின் அளவு வேறு என்பதைப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பயம் போய்விடும். கீரையில் புழு பார்ப்பதற்கும், அரிசியில் கல் பொறுக்குவதற்கும், கண்புரை தொடங்கிய கண்ணுக்கும் வேண்டியது லூமென். அதைக் குறைக்கவே கூடாது.

செலவு என்று பார்த்தால், இதே அளவுள்ள 3000 கெல்வின் டியூப் முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பழையதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, காலி செய்யும் அன்று மீண்டும் மாட்டிவிடலாம். நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு மூன்று யூனிட். நிறம் மாறியதற்காக மின்கட்டணம் ஒரு காசும் கூடாது. வாங்கும்போது பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள். பொருள்களின் இயல்பான நிறத்தை விளக்கு எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கான குறியீடு அது. நூறு என்பது முழு மதிப்பெண். எண்பதுக்குக் குறைவானது அடுக்களைக்கு வேண்டாம். தொண்ணூறு கிடைத்தால் கூடுதலாகச் சிறிது கொடுத்தாவது வாங்கலாம்.

இதில் இரண்டாம் படி ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் அதிகம் பரிந்துரைப்பேன். ஒரே விளக்கு சுவரின் உச்சியிலிருந்து எரிந்தால், சமைப்பவரின் நிழல் அவர் நறுக்கும் பலகையின் மேலேயே விழும். பரணுக்கு அடியிலோ தட்டுக்கு அடியிலோ இரண்டடி நீள எல்.இ.டி. பட்டை ஒன்றைப் பொருத்தினால் நிழல் விலகுவதோடு, ஒளி மேடையின் மேல் ஒரு குளம் போலத் தேங்குகிறது. சமையல் முடிந்த பின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு இதை மட்டும் எரியவிட்டால், அறை முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்த நிலை போய், வெளிச்சமும் இருட்டும் கலந்த ஓர் ஆழம் வருகிறது. பழைய ஓட்டு வீடுகளில் கூரையில் பதித்த ஒரேயொரு கண்ணாடி ஓட்டின் வழியாக ஒளி இறங்கும் அடுக்களைகள் நினைவில் தங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்த அடுக்களைகளில் விறகுப் புகை பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் என்ன செய்தது என்பதை மறந்துவிட்டு ஏங்குவதற்கு நான் தயாரில்லை. கடன் வாங்க வேண்டியது ஒளி விழுந்த விதத்தை மட்டுமே. பட்டை விளக்கும் 3000 கெல்வினாகவே இருக்க வேண்டும். ஒரே அறையில் ஒன்று நீலமாகவும் மற்றொன்று மஞ்சளாகவும் எரிவதைவிடப் பழைய டியூப் லைட்டே மேல். மின்பணியாளர் கூலியோடு சேர்த்து இதற்கு எழுநூறு ரூபாய் ஆகலாம்.

அடுத்தது வண்ணம். பொதுவாக எல்லோரும் இதைத்தான் முதலில் நினைப்பார்கள். டைல்ஸ், கதவு, சன்னல், பரண் எல்லாம் போக இந்த அளவு அடுக்களையில் பூச வேண்டிய சுவர் 150 முதல் 180 சதுர அடி இருக்கும். இரண்டு பூச்சுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் எமல்ஷன் வேண்டும். பட்டி பார்த்து, ஆள் வைத்துப் பூசினால் நாலாயிரம் ரூபாயை நெருங்கிவிடும். மலிவு கருதி டிஸ்டெம்பர் வாங்கினால், தாளித்த எண்ணெய் படிந்த இடத்தை ஈரத்துணியால் துடைக்கும்போது நிறமும் துணியோடு வந்துவிடும். அடுக்களைக்குக் கழுவித் துடைக்கக்கூடிய எமல்ஷன்தான் ஏற்றது. பழங்கால முறையில் காவி கலந்த சுண்ணாம்பு அடிக்கலாமே என்று கேட்கலாம். நல்ல யோசனைதான், ஆனால் ஏற்கெனவே எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, உதிர்ந்துவிடும்.

வண்ணத்துக்கு எதிராக நான் சொல்வது அதன் அழகைப் பற்றியதல்ல. நாலாயிரம் ரூபாயை வீட்டு உரிமையாளரின் சுவரில் பூசிவிட்டு வருகிறோம். காலி செய்யும்போது ‘பெயிண்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வது வழக்கமாகிவிட்ட ஊரில், அது இரட்டைச் செலவு. அதுமட்டுமன்றி, 6500 கெல்வின் ஒளியின் கீழ் இளமஞ்சளும் சந்தன நிறமும் லேசான பச்சை ஏறிச் சோகை பிடித்தது போலத் தெரியும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அழகான சந்தன நிறம் பூசிவிட்டு, இரவில் பார்த்தால் வேறாக இருக்கிறதே என்று பெயிண்ட் கடையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடையின் மேல் தவறில்லை. விளக்கை மாற்றாமல் சுவரை மாற்றியிருந்தார்கள்.

வண்ணம் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரே ஒரு சுவரைத் தேர்ந்தெடுக்கலாம். அடுப்புக்கு எதிர்ச்சுவர் சரியான தேர்வு; எண்ணெய் குறைவாகப் படியும், சமைப்பவர் திரும்பும்போது கண்ணில் படும். ஒரு லிட்டர் டப்பா, ஒரு உருளை, ஒரு பட்டைத் தூரிகை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகியவை போதும். எண்ணூறு ரூபாய்க்குள் முடியும். நான்கு சுவரும் பூசுவதில் கிடைக்கும் பலனில் முக்கால் பங்கு இந்த ஒரு சுவரிலேயே கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு.

டைல்ஸ் மேல் ஒட்டும் ஸ்டிக்கர்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஆனால் பலரும் கேட்பது அதைப் பற்றித்தான். இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு சுருள் இருநூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஒட்டிவிடலாம், ஒட்டிய அன்று அறை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஆறு மாதம் கழித்து நிலைமை வேறு. அடுப்புக்குப் பின்னால் சூடும் எண்ணெயும் சேர்ந்து ஓரங்களைத் தூக்கிவிடுகின்றன. தூக்கிய இடத்தில் பிசுக்கு இறங்குகிறது. பிசுக்கு இருக்குமிடத்தில் கரப்பான் குடியேறுகிறது. பிளாஸ்டிக் என்பதால் தீக்கு அருகில் வைப்பதும் சரியல்ல. உரிக்கும்போது தாள் வரும், பசை வராது; அதைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துச் சுரண்டும் வேலைக்கு ஒரு முழுநாள் போகும். ஸ்டிக்கர் வேண்டுமென்றால் அடுப்பிலிருந்து விலகிய இடத்தில், அலமாரிக் கதவின் மேல் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

இந்த ஸ்டிக்கர்களில் இப்போது ஆத்தங்குடிப் பூவேலைப்பாடும் அச்சாகி வருகிறது. காரைக்குடிக்கு அருகில் ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் நிறக்கலவையைக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் அந்தக் கல்லுக்கும் இந்தத் தாளுக்கும் உறவே கிடையாது. வாடகை வீட்டில் தரையைப் பெயர்த்து அதைப் பதிக்க முடியாதுதான். ஆனால் உதிரியாக நான்கு கற்களை வாங்கி வந்து மேடையின் மூலையில் பரப்பி, அதன் மேல் பருப்பு, உப்பு ஜாடிகளை வைக்கலாம். கறுப்புக் கிரானைட்டின் இறுக்கத்தை அந்த நான்கு கற்களே உடைத்துவிடுகின்றன. சிமெண்ட் கல் எண்ணெயை உறிஞ்சிக் கறை படியும், எலுமிச்சையும் புளியும் பட்டால் மேற்பரப்பு அரிக்கும் என்பதால் எண்ணெய்க் கிண்ணத்தையும் புளிப்பான பண்டங்களையும் மட்டும் அதன் மேல் வைக்கக் கூடாது.

தரைவிரிப்பைச் சில வரிகளில் முடித்துவிடலாம். தென்னைநார் மிதியடியில் சோற்றுப் பருக்கை சிக்கும், பத்தமடைப் பாய் ஈரம் பட்டால் கெடும், பவானி ஜமக்காளம் துவைத்துக் காயவைக்கச் சிரமமான கனம். மேடைக்கு முன்னால் வழுக்காத அடிப்பாகமுள்ள, வாளியில் நனைத்துப் பிழியக்கூடிய பருத்தி மிதியடி ஒன்று போதும். ஈரத் தரையில் வழுக்கும் விரிப்பைவிட வெறுந்தரை எவ்வளவோ பாதுகாப்பானது.

விளக்குக்கு அடுத்தபடி நான் பணத்தைப் போடுவது மரத்தில்தான். கல், கண்ணாடி, எவர்சில்வர், பளபளப்பு டைல்ஸ் ஆகிய நான்கும் ஒளியைத் திருப்பி எறிபவை. அவற்றுக்கு நடுவில் ஒளியை உள்வாங்கி மெல்ல விடும் ஒரு பொருள் இருந்தாலே கண் ஓய்வு கொள்கிறது. அதற்காக மாடுலர் கிச்சன் செய்யத் தேவையில்லை. கடப்பைக் கல் தட்டுகளின் சாம்பல் விளிம்பில் இரண்டங்குல அகலத் தேக்குப் பீடிங்கை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, இருபக்கப் பசைநாடாவால் ஒட்டினால், எதிரில் நின்று பார்ப்பவருக்கு அது மரத்தட்டாகவே தெரியும். தட்டு மூன்று இருந்தால் பன்னிரண்டடிப் பீடிங் வேண்டும். தச்சரிடம் அளவு சொல்லி அறுத்து, தேய்த்து வாங்கினால் எண்ணூறு முதல் ஆயிரம் ரூபாய். துளை இல்லை, ஆணி இல்லை, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். முழு மரத்தட்டை டைல்ஸில் துளையிட்டுப் பொருத்துவதோடு ஒப்பிட்டால் செலவு பாதி, உரிமையாளரோடு வாக்குவாதம் பூஜ்யம்.

புதிதாகத் தட்டே வேண்டும் என்பவர்கள் பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைகளில் தேக்குப் பலகை தேடலாம். காரைக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே அழகுக்கு விலை வைப்பார்கள், பலகைக்கு அல்ல. பிளைவுட் என்றால் சாதாரண எம்.ஆர். தரம் அடுக்களை ஈரத்தில் சில ஆண்டுகளில் உப்பிவிடும், கொதிநீரையும் தாங்கும் தரத்தைக் குறிக்கும் பி.டபிள்யூ.ஆர். என்று முத்திரையிட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். மரத்துக்கு மெருகேற்றத் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வழக்கம். அது காயாது, நாளடைவில் சிக்கு வாடை வரும். காய்ந்து படலமாகும் ஆளிவிதை எண்ணெய் மேலானது. தடவிய துணியை மட்டும் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெளியாகும் வெப்பத்தில் துணி தானே தீப்பிடிக்கக் கூடும். விரித்துக் காயவைத்த பிறகு குப்பையில் போட வேண்டும்.

காசே செலவில்லாத மரமும் வீட்டில் இருக்கிறது. மத்து, முறம், பூரிக்கட்டை, மர அஞ்சறைப் பெட்டி ஆகியவற்றை இழுப்பறைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, கடையில் ‘கிச்சன் டெக்கர்’ என்று மரக்கரண்டிப் பொம்மை வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணியில் முறத்தை மாட்டிப் பாருங்கள். மஞ்சள் ஒளியில் அதன் மூங்கில் நிறம் தரும் இதத்தை எந்தப் பொம்மையும் தராது.

துணியிலும் பலன் உண்டு, ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மேடைக்குக் கீழே கதவில்லாத இடத்தில் அரிசி டிரம், வாளி, பழைய செய்தித்தாள், காஸ் சிலிண்டர் எல்லாம் ஒன்றாக நிற்கும் காட்சியே அறையைக் களைத்துப்போனதாகக் காட்டுகிறது. அதன் முன்னால் ஒரு திரை விழுந்தால் பாதிக் குழப்பம் மறைந்துவிடும். நைந்த கண்டாங்கிச் சேலை ஒன்று இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். அரக்கும் மஞ்சளும் கறுப்புமாக அந்தக் கட்டம் அடுக்களைக்கென்றே நெய்தது போலிருக்கும், அதன் பருத்தி பல சலவைகளைத் தாங்கும். ஸ்பிரிங் கம்பி இருநூறு ரூபாய், தையற்கூலி நூறு. ஆனால் சிலிண்டர் நிற்கும் பகுதியைத் திரையால் மூடாமல் விட்டுவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். துணி அதைத் தேக்கிவைக்கவும், கசிவின் வாடை நம் மூக்குக்கு வந்துசேரத் தாமதமாகவும் வாய்ப்புண்டு. ஆகவே திரை சிலிண்டருக்கு ஓரடி முன்பே முடிய வேண்டும். மற்ற இடத்திலும் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பின் நேர்கீழும் அடுப்பை ஒட்டிய சன்னலும் துணிக்குரிய இடங்களல்ல. பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும் என்பதால் அடுக்களைத் துணி எதுவானாலும் பருத்தியாகவே இருக்கட்டும்.

இனி பித்தளை. விளக்கின் நிறத்தை மாற்றிய பிறகு அதன் பலனை மிகுதியாகக் காட்டும் உலோகம் இதுதான். வெள்ளை ஒளியில் வெறும் மஞ்சளாக இருப்பது மஞ்சள் ஒளியில் பொன்னாகிவிடுகிறது. புதிதாக வாங்கினால் எடைக்கு விலை என்பதால் நம் தொகை ஒரு குடத்தோடு தீர்ந்துபோகும். அம்மா சீராகக் கொண்டுவந்ததோ மாமியார் வைத்துவிட்டுப் போனதோ பரணில் ஏதாவது இருந்தால் அதை இறக்குவதே புத்திசாலித்தனம். கரண்டிகளை நிறுத்திவைக்க ஒரு சொம்பு, வெங்காயம் போட ஓர் அகலத் தட்டு, இரண்டு போதும். கடலோர ஊரில் அது விரைவில் கறுக்கும். வாரம் ஒருமுறை புளியும் உப்பும் போட்டுத் தேய்க்க யாராவது தயாராக இருக்க வேண்டும். அந்த ‘யாராவது’ எப்போதும் ஒரே ஆளாக இருக்கும் வீடுகளில் இந்த யோசனையைக் கைவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது. புளிப்பான பண்டங்களைச் சமைக்கவோ வைக்கவோ பயன்படுத்துவதாக இருந்தால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பித்தளைக்கு மாற்று, பழுப்பும் வெள்ளையுமான பீங்கான் ஊறுகாய் ஜாடி. தேய்க்க வேண்டாம், கறுக்காது, கல்லுப்புக்கு அதைவிடச் சிறந்த இடமில்லை.

விளம்பர எழுத்துகள் கத்தும் பாக்கெட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். ரவை, சேமியா, மசாலாப் பொடி, பிஸ்கட் என்று ஆளுக்கொரு நிறத்தில் தட்டில் நிற்கும் உறைகள் சந்தைக்கடை போன்ற உணர்வைத் தருகின்றன. சேர்த்து வைத்த ஹார்லிக்ஸ் பாட்டில்களிலோ ஒரே அளவு எவர்சில்வர் டப்பாக்களிலோ அவற்றை மாற்றிவிட்டால் பீடிங் ஒட்டிய தட்டுகள் அமைதியாகிவிடும். செலவு ஒரு பிற்பகல் நேரம்.

செடியை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அடுக்குமாடி வீடுகளின் அமைப்புதான். பல அடுக்களைச் சன்னல்கள், கட்டடத்துக்குள் காற்றுக்காக விடப்பட்ட குறுகலான வெளிச்சக் குழிக்குள் திறக்கின்றன. அங்கே கற்பூரவள்ளிக்கும் புதினாவுக்கும் வேண்டிய வெயில் வராது, தண்டு நீண்டு வெளுத்துப்போகும். கிழக்குச் சன்னல் வாய்த்தவர்கள் தாராளமாக வைக்கலாம். மற்றவர்களுக்கு மணிபிளாண்ட்தான் கதி. பாட்டில் தண்ணீரில் வைப்பதாக இருந்தால் வாரம் தவறாமல் தண்ணீரை மாற்ற வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும், டெங்குவைப் பரப்பும் கொசு விரும்புவது இப்படிப்பட்ட தெளிந்த நீரைத்தான்.

ஆகவே, ஆயிரத்து நூறு ரூபாய் மட்டுமே இருப்பவர்கள் டியூப்பை மாற்றி, பட்டை விளக்கையும் பொருத்திவிட்டு, மிச்ச வேலையை முறத்துக்கும் பாட்டில்களுக்கும் பரணில் இருக்கும் பித்தளைக்கும் விட்டுவிடலாம். ஐயாயிரம் இருப்பவர்களுக்கு என் கணக்கு இது: விளக்குகளுக்கு ஆயிரத்து நூறு, தேக்குப் பீடிங்குக்கு ஆயிரம், திரைக்கு முந்நூறு, மிதியடிக்கு நானூறு, இரண்டு பீங்கான் ஜாடிக்கும் உதிரி ஆத்தங்குடிக் கல்லுக்கும் எண்ணூறு, உரிமையாளர் சம்மதித்தால் ஒரு சுவருக்கு எண்ணூறு. மீதமுள்ள அறுநூறைக் கைவசம் வைத்திருங்கள். மின்பணியாளர் வந்து பார்க்கும்போது பழைய சுவிட்சோ ஹோல்டரோ மாற்ற வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொந்த வீட்டுக்காரர்களுக்கு இந்த வரிசையில் ஒரே ஒரு மாற்றம்தான்: ஒரு சுவருக்குப் பதிலாக நான்கு சுவரையும் பூசுவதில் அவர்களுக்கு நட்டமில்லை.

வரிசையை மட்டும் யாரும் குலைக்க வேண்டாம். முதல் வாரம் விளக்கை மாற்றிவிட்டு, பத்துநாள் அப்படியே விடுங்கள். பெயிண்ட் கடையிலிருந்து சிறிய மாதிரி டப்பா கிடைத்தால் ஒரு சதுர அடியளவு சுவரில் பூசி, இரவு ஏழு மணிக்கு, அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும்போது அதைப் பாருங்கள். கடையின் நிற அட்டையில் நாங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த செங்கல் நிறம் அந்தச் சோதனையில் தேறவில்லை. ‘ரொம்ப டார்க்’ என்று கடைக்காரர் ஒதுக்கிவைத்த அட்டையும் தேறவில்லை. கடைசியில் பூசியது, அட்டையில் பார்த்தபோது அழுக்கு வெள்ளை என்று நாங்கள் தள்ளிவிட்ட ஒரு வெளிர் சந்தனம்.